உடைசல் அக்காவின் மூன்றாவது விதி

1986
பிப்ரவரி 3: 214 பேர்
பிப்ரவரி 10: 209
பிப்ரவரி 17: 196
பிப்ரவரி 24, காலை: 191
பிப்ரவரி 24, மாலை: 188
பிப்ரவரி 25: 190, தள்ளி 1
மார்ச் 14: 169, தள்ளி 2
ஏப்ரல் 7: 132, தள்ளி 9

இவை ஒரு கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையின் வாசலில், வேலைநிறுத்தத்தின்போது உட்கார்ந்திருந்தவர்களின் எண்ணிக்கை. நான் அங்கே டைம் ஆபீஸ் குமாஸ்தா. உள்ளே இருந்தவரை யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதினேன். வெளியே வந்த பிறகும் போராட்டக் கமிட்டி அதே வேலையைத்தான் கொடுத்தது. "தள்ளி" என்ற சொல் என் நோட்டில் வரக் காரணமானவரைப் பற்றியது இந்தக் குறிப்பு.

தொழிற்சாலையின் பின்பக்கம் உடைந்த பாட்டில்கள் மலையாகக் குவிந்திருக்கும். அவற்றை நிறவாரியாகப் பிரித்து, மூடியும் கம்பியும் பொறுக்கி எடுத்து, மறுபடி உருக்க அனுப்பும் இடத்துக்கு உடைசல் பிரிவு என்று பெயர். அவர் அங்கே 1959 ஜூன் 22 அன்று பதினேழு வயதில் சேர்ந்தார். அதற்கு மூன்று வாரம் முன்புதான் அவருடைய அம்மா இறந்திருந்தார். வீட்டில் ஐந்து வயதுத் தம்பி ஒருவன். வேலைக்கு வரும்போது அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவார். நாளடைவில் அவரைவிட மூத்தவர்களும் அவரை உடைசல் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

இடையில் ஒரு கல்யாணம் நடந்தது. கணவர் இரண்டு வருஷத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். யாராவது அனுதாபப்பட்டால் அக்கா சிரிப்பார். "கண்ணாடி மாதிரி மனுஷன். இருந்தப்பவும் தெரியலை, போனப்பவும் தெரியலை."

தம்பியைப் படிக்க வைத்தார். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. உலைப் பிரிவில் சொல்லிச் சேர்த்துவிட்டார். அவன் நல்ல உலைக்காரனானான். 1986-ல் அவனுக்கு முப்பத்திரண்டு வயது. மனைவி, ஒரு பெண் குழந்தையுடன் அக்கா வீட்டின் மாடியிலேயே இருந்தான்.

அந்த ஜனவரியில், லாரியில் பெட்டி ஏற்றும் லோடர் ஒருவரின் முகத்துக்கு நேராகப் பாட்டில் ஒன்று வெடித்து, அவருடைய வலது கண் போனது. கவனக்குறைவு என்று எழுதி நிர்வாகம் அவரை வேலையை விட்டு எடுத்தது. அவரைத் திரும்பச் சேர்க்க வேண்டும், எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி தர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. பிப்ரவரி 2 அன்று லாரி ஷெட்டில் கூட்டம் நடந்தது. நாலைந்து பேர் மேனேஜரின் காரைக் கல்லால் அடிக்க வேண்டும் என்று கத்தினார்கள். கமிட்டித் தலைவியான அக்கா ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்றார்.

"கல்லெடுக்கிறதுன்னா நான்தான் முதல்ல எடுக்கணும். இருபத்தாறு வருஷமா ஒடசல்ல நிக்கிறேன், எறியறதுக்கு எனக்கா பஞ்சம்? எறிஞ்சா யாரோ ஒருத்தன் கண்ணு போகும். ஒரு கண்ணு போனதுக்குத்தானே இப்போ நிக்கிறோம்?"

பிறகு விரல் மடக்கிச் சொன்னார். "ஒண்ணு, யார் மேலயும் கை வைக்கக்கூடாது. ரெண்டு, கெட்ட வார்த்தை கூடாது. மூணு, நம்மளைத் தாண்டி உள்ள வேலைக்குப் போறவங்ககூட யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவங்க வீட்டாளுங்ககிட்டயும்தான்."

"உங்க தம்பி போனா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என் தம்பி போகமாட்டான்."

மூன்று விதிகளையும் அன்றே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.

அன்று மாலை மாடிப்படியில் அக்காவும் தம்பியும் பேசியதை அவரே பிற்பாடு எனக்குச் சொன்னார். உலைக்காரர்கள் மூன்று பேரில் மற்ற இருவரும் எங்களோடு வரச் சம்மதித்திருந்தார்கள்.

"அக்கா, உலை ஆறிப்போனா உள்ள இருக்கிற கண்ணாடி மொத்தமும் கல்லாயிடும். செங்கல் வெடிச்சிடும். திரும்பக் கட்ட ஆறு மாசம் ஆகும். முதலாளி கட்டுவாரா? பூட்டிட்டுப் போயிடுவாரு. அப்புறம் நீ எந்த வாசல்ல போய் ஒக்காருவ?"

"ஆறிடும்னு பயம் வந்தாத்தான்டா அவங்க பேசவே வருவாங்க."

"மத்த எதுக்கும் நான் உங்ககூடத்தான். நெருப்பை மட்டும் விடமாட்டேன்."

"தாண்டிப் போனா நான் பேசமாட்டேன்."

"சரி."

மறுநாள் முதல் அவன் உள்ளே போனான். காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை அவன். மற்ற எட்டு மணி நேரம் இன்ஜினியர். தினமும் ஐந்து ஐம்பதுக்கு வாசலுக்குக் குறுக்கே மூன்று வரிசையாகப் படுத்துக்கொள்வோம். அவன் ஆளுக்கும் ஆளுக்கும் இடையில் காலடி வைக்க இடம் தேடித் தேடித் தாண்டுவான். தாண்டும் ஒவ்வொரு வரிசையிலும் "மன்னிச்சுக்கோங்க" என்றான். யாரும் வாய் திறக்கவில்லை. பதினைந்தாம் நாளுக்குப் பிறகு அவனும் சொல்வதை நிறுத்திக்கொண்டான்.

விதியை எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். கடைக்காரர் அவன் மனைவிக்குச் சாமானை எடைபோட்டு முகம் பார்க்காமல் நீட்டினார். முடிவெட்டுகிறவர் அவனைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். வீட்டில் இருந்தது ஒரே குழாய். தம்பி மனைவி குடத்தோடு இறங்கி வந்தால், அக்கா தன் பாதிக் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். ஒருநாள் அந்தப் பெண் அழுதுவிட்டாள். "அண்ணி, நான் என்ன பண்ணேன்?" அக்கா கதவைச் சாத்திக்கொண்டார்.

யார் உடம்பிலும் ஒரு கீறல் இல்லை. பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து எங்களுடையது ஒழுக்கமான போராட்டம் என்று எழுதினார். வாசலில் கேலிக்கும் குறைவில்லை. "கண்ணாடி ஃபாக்டரியில ஒக்காந்து கண்ணாடி கேக்கிறவங்க ஒலகத்துலயே நாமதான்யா" என்று ஒருவர் ஆரம்பித்தால், சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆகும். அவன் வெளியே வரும்போது அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றுவிடும்.

பத்தொன்பதாம் நாள் கமிட்டிச் செயலாளர் வரிசையில் நடந்து தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார். பாட்டில் அச்சுப் பட்டறையில் ஃபிட்டர் அவர். கெட்டிக்காரர், கைசுத்தமானவர். அக்காவின் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னார். "இன்னும் நாலு நாள்தான்க்கா. ஆள் தானா விழுந்துடுவான். நம்ம மேல ஒரு பழியும் வராது."

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"ரைட்டர், அவன் எத்தனை நாளா பதினாறு மணி நேரம் பாக்கிறான்?"

"இன்னிக்கோட பத்தொன்பது."

"காலையில தாண்டும்போது என் முடியை மிதிச்சிட்டான். கால் மேல எழும்பலை." செயலாளரைப் பார்த்தார். "நாம அடிக்கலைதான். ஆனா அவன் எப்ப விழுவான்னு காத்துக்கிட்டிருக்கோமே, அதுக்கு என்ன பேரு?"

"போராட்டம்னு பேருக்கா. நம்மளுக்கு என்ன ஆசையா?"

அக்கா அன்றும் அதற்கடுத்த இரண்டு நாளும் விதியை மீறவில்லை. இதை நான் மறைக்கக் கூடாது.

இருபத்திரண்டாம் நாள் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம். அந்த உலையில் நெருப்பு இருபது நிமிஷம் இடப்பக்கத்திலிருந்து அடிக்கும். பிறகு நெம்புகோலை இழுத்து வலப்பக்கம் மாற்ற வேண்டும். மாற்றும்போது ஓர் இரும்புக் கதவு "தடால்" என்று விழும். மணிக்கு மூன்று தடவை, வருஷக்கணக்காக. வாசலில் இருந்தவர்கள் கடிகாரம் பார்ப்பதே இல்லை, அந்தச் சத்தத்தை வைத்தே நேரம் சொல்வார்கள்.

பிப்ரவரி 24 மதியம் 2.20-க்குச் சத்தம் வந்தது. 2.40-க்கு வரவில்லை. 2.43-க்குப் பேச்சு குறைந்தது. 2.46-க்கு எல்லோரும் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார்கள். யாரோ "உலை நின்னுடுச்சுடா!" என்று கத்தினார். இரண்டு மூன்று கைதட்டல் கேட்டது.

எங்களோடிருந்த உலைக்காரர்களில் மூத்தவர் மட்டும் வெளிறிப் போயிருந்தார். "உலை நிக்கலை. ஆளு நின்னுட்டான்."

அக்கா எழுந்தார். செயலாளர் அவருக்கு முன்னால் வந்து நின்றார். கையை விரிக்கவில்லை, தொடவும் இல்லை.

"அக்கா, கேட்கீப்பர்கிட்டச் சொல்லி அனுப்புவோம். அவங்க ஆளு, அவங்க பாக்கட்டும்."

"சொல்லி அனுப்பி, அவன் போயி, மேனேஜரைக் கேட்டு... அதுக்குள்ள?"

"ஆபீஸ் மாடியில கேமரா வச்சிருக்காங்க. நீங்க உள்ள காலை வச்சா நாளைக்குப் பேப்பர்ல படம் வரும். தலைவியே வேலைக்குப் போயிட்டாங்கன்னு போடுவான். இருபத்திரண்டு நாள் வெயில்ல கிடந்தது மொத்தமும் போச்சு. லோடருக்கு என்ன பதில் சொல்வீங்க?"

அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை.

"அந்தச் சத்தம் வந்துச்சா வரலையான்னு மேனேஜருக்குத் தெரியாது," என்றார் அக்கா. "நமக்குத்தான் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே ஒக்காந்திருக்கோம். நம்ம கண்ணு போனா அவங்களுக்கு ஒண்ணுமில்லைன்னுதானே நமக்குக் கோபம்? இப்போ நாம என்ன பண்றோம்?"

யாரும் வழிவிடவில்லை. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, படுத்திருந்தவர்களுக்கு இடையில் கால் வைக்க இடம் தேடினார். இரண்டாவது வரிசையில் நின்று திரும்பினார்.

"ரைட்டர், எழுதிக்கோங்க. நான் உள்ள போறேன்." பிறகு உலைக்காரர்களைப் பார்த்தார். "நீங்க வர்றீங்களா, இல்லை உங்களையும் தாண்டணுமா?"

அவர்கள் இருவரும் எழுந்து ஓடினார்கள். மணி 2.52. நான் எழுதினேன்.

2.58-க்குத் "தடால்" சத்தம் வந்தது. இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை.

மூன்று மணி கடந்து சில நிமிஷத்தில், பாட்டில் பெட்டிகள் தள்ளும் தள்ளுவண்டியில் அவனைக் கிடத்தி, அக்காவும் கேட்கீப்பரும் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். நெம்புகோலுக்கு அடியில் மயங்கி விழுந்து கிடந்தானாம். இடது முன்கை சூட்டுத் தகட்டின் மேல் கிடந்து தோல் உரிந்திருந்தது. வாய் திறந்திருந்தது. வாசலில் மூன்று வரிசை ஆட்கள். வண்டியால் ஆளைத் தாண்ட முடியாது. அக்கா எதுவும் கேட்கவில்லை. விதிப்படி அவரோடும் இப்போது யாரும் பேசக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். சக்கரம் முதல் வரிசையில் கிடந்தவரின் காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். செயலாளர் தரையைப் பார்த்தார்.

அது எத்தனை நேரம் என்று மட்டும் நான் குறிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

முதலில் எழுந்தவர் லோடர். கண்ணில் கட்டோடு எழுந்து, பக்கத்தில் இருந்தவரின் தோளைத் தட்டினார். "எந்திரிய்யா." பிறகு வரிசை கலைந்தது.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. உலைக்காரர்கள் இருவரும் இரவு பத்து வரை உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்து கமிட்டியிடம் வருத்தம் தெரிவித்தார்கள். அக்கா தெரிவிக்கவில்லை. மூன்றாவது விதி அவர் மேல் பாய்ந்தது. ஆனாலும் காலையில் வாசலுக்கு வந்து, வரிசையிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்தார். அவரை எந்தக் கணக்கில் எழுதுவது என்று யோசித்து "தள்ளி 1" என்று எழுதினேன். பதினேழு நாள் அவரோடு யாரும் பேசவில்லை. நானும்தான்.

மார்ச் 14 அன்று லோடர் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசல் முழுக்கக் கேட்கும்படிதான் பேசினார். "உங்க மேல எனக்குக் கோபம்தான்க்கா. அன்னிக்கு நீங்க உள்ள போகாம இருந்தா எனக்கு வேலை கிடைச்சிருக்கலாம். கோபம் இருந்தா பேசக்கூடாதா என்ன? தண்ணி வச்சிருக்கீங்களா?"

ஏப்ரல் 7 அன்று, அறுபத்து நாலாம் நாள், உடன்பாடு ஆயிற்று. எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கிடைத்தது. லோடருக்கு வேலை கிடைக்கவில்லை. உலை அன்று ஆறியிருந்தால் நிர்வாகம் ஒரே நாளில் இறங்கி வந்திருக்கும் என்று செயலாளர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பூட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்பது உலைக்காரர்களின் கட்சி. இரண்டில் எது சரி என்பதற்கு என்னிடம் பதிவு இல்லை.

தம்பி பிழைத்துக்கொண்டான். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். பதினொரு நாளும் அக்கா வாசலில் உட்கார்ந்துவிட்டு மாலையில் அங்கே போனார். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். "ஏன்டா, ஒரு வார்த்தை பேசேன்," என்றாராம் கடைசி நாள். அவன் பேசவில்லை. மார்ச் முடிவில் வேறு ஊர்த் தொழிற்சாலைக்கு வேலை மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டான். மாடியைக் காலி செய்த அன்று அவன் மனைவி மட்டும் சாவியைக் கொடுக்க வந்தாள். "வர்றேன் அண்ணி," என்றாள்.

அக்கா மே மாதத்திலிருந்து ஒவ்வொரு முதல் தேதியும் அவனுக்குக் கடிதம் எழுதினார். உறையில் முகவரி எழுதியவன் நான் என்பதால் எண்ணிக்கை தெரியும். மொத்தம் முப்பத்தொன்று. "அவன் படிக்கிறானோ என்னவோ ரைட்டர். நான் பேசாம இருந்த நாளுக்கெல்லாம் சேத்து இப்போ பேசித் தீத்துக்கிறேன்," என்பார்.

அவனிடமிருந்து வந்தது மூன்று. முதலாவதில் மாறிய முகவரி மட்டும் இருந்தது. இரண்டாவதில் குழந்தை பள்ளியில் சேர்ந்த செய்தி. மூன்றாவதை அக்கா என்னிடம் நீட்டி, உரக்கப் படிக்கச் சொன்னார். இவ்வளவுதான் எழுதியிருந்தான்:

"அக்கா, இருபத்தோரு நாள் என்னைத் தாண்டிப் போக விட்டாய். இருபத்திரண்டாம் நாள் வந்தாய். இரண்டையும் என்னால் மறக்க முடியவில்லை. இந்தக் கோபம் போகும் என்றும் தோன்றவில்லை. அதை வைத்துக்கொண்டே உன்னோடு பேசிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இனிமேல் எழுதாதே. வா."

அக்கா அந்த வாரமே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். அதன் பிறகு இரண்டு பக்கமும் கடிதம் இல்லை. கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த தேதி 1988 நவம்பர் 9.