கத்திரி வெயிலில் ஸ்வெட்டர் போட்ட மனிதர்

கதவுக் கொண்டியைத் தொட்டாலே கை சுடும்... தூத்துக்குடிக் கத்திரி வெயில் அப்படி. அந்த வெயிலில் என் வீட்டுக்காரர் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஃபேனையும் போட விடாமல் கட்டிலில் சுருண்டு கிடந்தார்.

கல்யாணமான புதிது. அவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. குளிர்நாட்டுத் துறைமுகங்களுக்காக வாங்கிய ஸ்வெட்டர் அது. கப்பல் ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதால் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். காயம் ஆறியது. பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள்.

ஆனால் மாதம் போகப் போக ஆள் மாறினார்... முகம் ஊதியது. குரல் கரகரத்தது. ஒன்று கேட்டால் பதில் வர நேரமாகும். பகலெல்லாம் தூக்கம்.

தைராய்டாக இருக்குமோ என்று ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். டி.எஸ்.ஹெச். நார்மல். இன்னொரு லேபிலும் நார்மல்தான்.

"கப்பல்ல சம்பாதிச்ச ஆளு, சோம்பேறி ஆயிட்டாரு" என்று தெருவில் பேச்சு.

புன்னைக்காயலிலிருந்து என் அண்ணன் வந்தார். கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரர் காதில் விழும்படியே என்னிடம் சொன்னார்: "ஏளா, இப்படிப் படுத்தே கெடந்தா ஒன் கதி என்ன ஆகுது? துணிமணிய எடுத்துட்டுக் கெளம்பு."

நான் கிளம்பவில்லை. அண்ணன் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பார்த்துப் படுத்தபடியே இவர் பேசினார்.

"நான் வேணும்னு பண்ணலளா... எந்திரிக்கணும்னுதான் நெனைக்கேன். ஒடம்பு கேக்க மாட்டேங்கு."

மறுநாளே திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனேன். ஹார்மோன் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "தலையில எப்பவாவது அடிபட்டுதா?" என்று கேட்டார். இதுவரை யாரும் கேட்காத கேள்வி. தைராய்டு சுரக்கிற டி-4 என்ற ஹார்மோனுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். அது ரொம்பக் குறைவாக இருந்தது.

"தைராய்டு நல்லாத்தான் இருக்கும்மா. மூளைக்கு அடியில ஹைப்போதலாமஸ்னு ஒரு இடம். அங்க டி.ஆர்.ஹெச்.னு ஒரு ஹார்மோன் சுரக்கும். அது பிட்யூட்டரியத் தூண்டும், பிட்யூட்டரி டி.எஸ்.ஹெச்.ச அனுப்பி தைராய்டத் தூண்டும். அடிபட்டதுல அந்த மேல் இடம் பாதிச்சிருக்கு."

"டி.எஸ்.ஹெச். நார்மல்னாங்களே டாக்டர்?"

"அளவு இருக்கு, வீரியம் இல்ல. வீரியம் குடுக்கதே டி.ஆர்.ஹெச்.தான். மூளைக்குள்ளயும் அதுக்கு வேல உண்டு... முழிப்பு, ஒடம்புச் சூடு, மனசோட தெம்பு. இவரு சோம்பேறி இல்லம்மா."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் இவர் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியிருந்தது.

மற்ற ஹார்மோன்களையும் பார்த்த பிறகே டாக்டரம்மா மாத்திரை எழுதினார். உடனே ஒன்றும் நடக்கவில்லை... சில வாரம் கழித்து ஒரு மத்தியானம், "ஏளா, வேக்காடா இருக்கு, அந்த ஃபேனப் போடு" என்றார். போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதேன்.

சேதி கேட்டு அண்ணன் ஒரு கூடை நண்டோடு வந்தார். இரண்டு பேரும் பழசைப் பேசவில்லை. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இப்போது வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்கள், ரிப்போர்ட் போனிலேயே வந்துவிடுகிறது. டி.எஸ்.ஹெச். மட்டும் எழுதினால், "எனக்கு டி-4தான் பாக்கணும்" என்று இவரே சொல்லிவிடுகிறார். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை.

முதல் தடவை டாக்டரம்மாவைப் பார்க்கப் போன அன்றைக்கு, திருநெல்வேலி பஸ்ஸில் வழி முழுக்க என் தோளில் சாய்ந்து தூங்கினார். எழுப்பி இறக்குவதற்குள் கண்டக்டர் இரண்டு தடவை விசில் அடித்துவிட்டார்...

போன வாரம் செக்கப்புக்குப் போனோம். தூங்கியது நான். ஊர் வந்ததும் தோளைத் தட்டி எழுப்பியது அவர்.