உள்ளங்கையில் எழுதிப் படித்தவள்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. கை கால் இழுத்துக்கொள்ளவில்லை. வாய் கோணவில்லை. பேச்சு எப்போதும் போலத்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் தலைவலி என்று படுத்தாள், வாந்தி எடுத்தாள், மறுநாள் எழுந்து காபி போட்டாள். வலது பக்கம் இருந்த தண்ணீர்க் குடத்தில் இடித்துக்கொண்டதை நான் பெரிதாக நினைக்கவில்லை. வாரப் பத்திரிகை வந்ததும் கையில் எடுத்தவள், புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"ஏங்க, இது தமிழ் புஸ்தகந்தானா? தெலுங்குல அச்சடிச்ச மாதிரி இருக்குது."

அது எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் கம்பெனியில் எனக்கு வேலை. கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி ஊறுகாய் ஜாடி எடுப்போம். எனக்குப் படிப்பில் அவ்வளவு பற்று கிடையாது. அவள் அப்படியில்லை. எட்டாவதோடு நின்றவள்தான் என்றாலும் கடலை மடித்து வந்த காகிதத்தைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் கீழே போடுவாள். அப்படிப்பட்டவளுக்குத் தன் பெயரையே படிக்கத் தெரியவில்லை. ரேஷன் கார்டைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

முதலில் கண்ணாடி போட்டுப் பார்த்தோம். ஊசி முனை நன்றாகத் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. யாரோ செய்வினை என்றார்கள். அதற்கும் ஒரு எலுமிச்சம்பழம் செலவானது. கடைசியில் பஸ் ஏறிப் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஒரு பெண் டாக்டர். சின்ன வயசு. அவசரப்படாதவர். ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, "உங்க ஊரப் பத்தி ஏதாவது எழுதுங்கம்மா" என்றார்.

"படிக்கவே வரலீங்க, எப்பிடி எழுதுறது?"

"கை போன போக்குல எழுதுங்க."

அவள் எழுதினாள். 'எங்கள் ஊரில் மணிமுத்தாறு ஓடுகிறது. கோயில் பெரியது.' ஒரு பிழை இல்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. டாக்டர் சமையல், ஊர், மழை என்று கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தார். பிறகு அதே தாளை அவளிடம் நீட்டினார்.

"இத படிங்க."

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத யாரு எழுதினாங்க?" என்று கேட்டாள்.

"நீங்கதான்மா. இப்பதான் எழுதினீங்க."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தலைவலியோடு படுத்ததிலிருந்து அன்றுதான் முதல்முறையாக அழுதாள்.

டாக்டர் அவள் கையைப் பிடித்து, கண்ணை மூடச் சொன்னார். உள்ளங்கையில் தன் விரலால் மெல்ல ஏதோ எழுதினார்.

"மானா" என்றாள் அவள், உடனே.

இன்னொன்று எழுதினார்.

"கானா."

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மூளையில ஒரு எடத்துக்கு ரத்தம் போறது அடைச்சுப்போச்சு. அதனால கண்ணு பாக்குற எழுத்து உள்ள போய்ச் சேரமாட்டேங்குது. கைக்கு இன்னும் எழுத்து தெரியுது பாருங்க. அந்த வழியா கொண்டுபோங்க. கை கால் விழுந்தவங்களுக்குப் பயிற்சி குடுக்கிறமில்ல, அதுபோல மூளையையும் பழக்கலாம். எவ்வளவு திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது. தெனமும் கொஞ்சம் செய்யுங்க. களைப்பா இருந்தா விட்டுடுங்க." அவளுக்குப் பார்வையில் வலது பாதியும் போயிருந்தது என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். தண்ணீர்க் குடத்தில் இடித்தது அதனால்தான்.

மறுநாள் கம்பெனியில் கேட்டு, கொஞ்சம் மண் உருண்டை வாங்கி வந்தேன். சப்பாத்திபோல் தட்டி, குச்சியால் பள்ளமாக எழுத்துகளைக் கீறினேன். கண்ணால் பார்த்துக்கொண்டே விரலைப் பள்ளத்தில் ஓட்ட வேண்டும், வாயால் சொல்ல வேண்டும்.

"நானென்னா ஒண்ணாங்கிளாஸ் புள்ளையா?" என்று முணுமுணுத்தாள். ஆனால் செய்தாள்.

அப்போதெல்லாம் லை, னை, ணை எழுத்துகளுக்கு மேலே யானைத் தும்பிக்கைபோல ஒரு சுழி இருக்கும். அவளுக்குக் கண்ணால் பார்த்ததும் முதலில் பிடிபட்டவை அவைதான். பானாவும் யானாவும் மானாவும் ஒன்றோடொன்று குழம்பின. கொம்பு போட்ட எழுத்து வந்தால் கொம்பைத் தடவி முடிப்பதற்குள் அடுத்ததை மறந்துவிடுவாள். தாளில் வரியாக எழுதிக் கொடுத்தால் கடைசிச் சொல்லை விட்டுவிடுவாள். அந்தப் பக்கம் அவளுக்குத் தெரியாது. தாளின் வலது ஓரத்தில் நீலச் சாயத்தால் ஒரு பட்டையான கோடு இழுத்துவைத்து, "இந்தக் கோடு தெரியிற வரைக்கும் தலைய திருப்பு" என்றேன். அதுவும் டாக்டர் சொல்லி அனுப்பியதுதான்.

ஒரு கட்டத்தில் சலித்துப்போனாள். நான் வேலை முடிந்து வந்தபோது எழுத்து கீறிய மண் பலகை எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து அடுப்பு விரிசலைப் பூசியிருந்தாள்.

"இதுக்காவது ஒதவட்டும்" என்றாள்.

நான் வேறு மண் கொண்டுவரவில்லை. வற்புறுத்தினால் இன்னும் விலகிப்போவாள் என்று தெரியும். ஐப்பசி மழை முழுக்க அப்படியே போயிற்று.

மழை விட்ட பிறகு ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தேன். அவள் நாள்காட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இடது உள்ளங்கையில் வலது ஆட்காட்டி விரல் ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கவனிக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துத் திரும்பினாள்.

"செவ்வாய்க்கெழம. இன்னிக்கு செவ்வாய்க்கெழமதான?"

"இல்லியே, புதன்" என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. நான் கிட்டே போய்ப் பார்த்தேன். தாளைக் கிழிக்க நான்தான் மறந்திருந்தேன். நாள்காட்டியில் இருந்தது செவ்வாய்தான்.

"நீ படிச்சதுதான் சரி. தப்பு எம்மேல" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சோறு ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவளை நான் பழக்க வேண்டியிருக்கவில்லை. சோப்பு உறை, தீப்பெட்டி, கல்யாணப் பத்திரிகை என்று எது கிடைத்தாலும் விட மாட்டாள். நாளாக ஆக விரல் அசைவு சிறியதாயிற்று. உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தவள் பின்னால் கட்டைவிரலால் ஆட்காட்டி விரல் நுனியில் லேசாக எழுதிக்கொண்டாள். பார்ப்பவர்களுக்கு ஏதோ ஜபம் செய்வதுபோல் இருக்கும்.

மறு வருஷம் சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்திருந்த எங்கள் மகளுக்குக் குழந்தை பிறந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. "நானே போயிட்டு வரேன்" என்றாள்.

"பஸ்ஸ கேட்டு ஏறு."

"கேட்டு ஏறுறதுக்கா நாம இவ்ளோ பாடுபட்டோம்?"

திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் வந்து நின்றது. பலகையில் முதல் எழுத்து 'சே'. கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. இவளும் படியில் காலை வைத்துவிட்டாள்.

"கால வெச்சிட்டு, அப்புறம் ஒரு சந்தேகம். எறங்கி நின்னு விரல ஓட்டிப் பாத்தேன். ரெண்டாவது எழுத்து லானா. அது சேலம் பஸ்ஸுங்க. ஏறியிருந்தா எங்க போயிருப்பேன்?"

"கண்டக்டரு ஒண்ணும் சொல்லலியா?"

"வரியா இல்லியான்னு கேட்டாரு. இது என் பஸ்ஸு இல்லன்னேன். அடுத்து வந்த பஸ்ஸுல கொம்பு, சானா, அப்புறம் தானா. முழுசா முடிக்கிறதுக்குள்ள பஸ்ஸு பொறப்பட்டுடும்னு பயம். அதுக்கு மேல படிக்கல, ஏறிட்டேன்."

பையை இறக்கி வைத்துவிட்டு, பேரன் யார் ஜாடை என்று சொல்ல ஆரம்பித்தாள்.