பொம்மைகள் என்றொரு ஃபோல்டர்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், "சர்வரைப் பாத்துக்கற வேலை" என்று அவள் சொன்னதும் மாமியார், "எந்த ஓட்டல்மா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குச் சர்வரம்மா என்றே பெயர். மாடியில் இரண்டே அறைகள் கொண்ட சின்ன நிறுவனம் அது. கடைக்காரர்களும் படம் எடுப்பவர்களும் தங்கள் கோப்புகளை அங்கிருக்கும் சர்வர் கணினியில் ஏற்றிவைப்பார்கள். ஃபோல்டருக்கு அவரவர் இஷ்டம்போல் பெயர் வைத்துக்கொள்ளலாம்; அந்தப் பெயரே அதன் இணைய முகவரியிலும் வரும்.

அந்த இஷ்டம்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஒருவர் பெயரின் நடுவில் கேள்விக்குறி போடுவார். அதற்குப் பின்னால் இருப்பது பெயரில்லை என்று சர்வர் நினைத்துக்கொள்ளும். இன்னொருவர் 'ஆல்பம் #2' என்பார். # வந்த இடத்தில் முகவரி அறுந்துபோகும். ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்துச் சரிசெய்தாள்.

முதலாளிக்கு அலுத்துவிட்டது. "இங்கிலீஷ் எழுத்து, நம்பர், அவ்வளவுதான்னு சட்டம் போட்டுடலாம்மா."

"வேண்டாம் சார். அவங்க பொருளுக்கு அவங்க வைக்கிற பேரு. மாத்துன்னு சொல்ல நாம யாரு?"

அந்த வாரமே மரப்பொம்மை செய்பவர் ஒருவர் பதறிக்கொண்டு ஃபோன் செய்தார். "நாளைக்குக் கண்காட்சிம்மா. ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியாச்சு. அதுல இருக்கிற முகவரியத் திறந்தா, அப்படி ஒரு ஃபோல்டரே இல்லைங்குது!"

திறந்து பார்த்தாள். 'பொம்மைகள்' கண்ணெதிரே இருந்தது, உள்ளே படங்களோடு. போஸ்டர் முகவரியிலும் 'பொம்மைகள்'தான். அச்சு அசல் ஒன்றேபோல. ஆனாலும் சர்வர் இல்லை என்றே சாதித்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல?" முதலாளி பின்னால் வந்து நின்றார்.

அவள் காதில் வாங்கவில்லை. இரண்டு பெயர்களின் நீளத்தையும் அளந்து பார்த்தாள். எழுத்தையும் அதன்மேல் வரும் புள்ளியையும்கூடத் தனித்தனிக் குறியாக எண்ணும் கணினிக் கணக்கில், ஒன்றுக்கு ஒன்பது குறிகள் என்று வந்தது. மற்றதற்குப் பத்து! குறிகளைப் பிரித்துத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறக்கினாள். முதல் எழுத்திலேயே குட்டு உடைந்தது.

"சார்! சார், இங்க பாருங்க! கொம்பும் காலும்!" நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் மோதியது. "'பொ'வுக்கு வர்ற கொம்பும் காலும் இதுல சேந்து ஒரே குறி. அதுல கொம்பு தனி, கால் தனி. நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. சர்வருக்கு வேற வேற பேரு!"

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையோடு ஒட்டிக்கொண்டார். "அடடா... எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே!"

"யாருக்குமே தெரியாது சார்!"

விசாரித்தால், போஸ்டருக்கான முகவரியை அடித்தது பொம்மைக்காரர் கடையின் பழைய கணினியில். படங்களை ஏற்றியது அவர் மகளின் புதுக் கணினியிலிருந்து. இரண்டும் இரண்டு விதமாக எழுதியிருந்தன. யார் எப்படி அடித்தாலும் முதலில் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு, பிறகே பெயரைத் தேடும்படி அவள் ஒரு வரி சேர்த்தாள். பழைய பெயர்களையும் அதேபோல் மாற்றினாள்.

"திறந்துடுச்சும்மா! என் குதிரை தெரியுது, யானை தெரியுது!" பொம்மைக்காரர் கத்தியது ஃபோனைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதே கோளாறில் வேறு யாராவது சிக்கியிருப்பார்களோ? தேடினாள். சிக்கியிருந்தார்கள்! 'தோட்டம்', 'போன வருஷம்', 'சொந்தக்காரங்க'... ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கினாள். முதலாளியும் சட்டத்தை மறந்து, பாதிப் பேரைத் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டார்.

கடைசியாக ஒரு பாட்டு டீச்சர். 'தொடக்கப் பாடங்கள்' தொலைந்தேபோய்விட்டது என்று எப்போதோ கைகழுவியவர்.

"இப்ப ஒருதடவை திறந்து பாருங்க டீச்சர்."

மறுமுனையில் டீச்சர் திறந்தார். பிறகு, சுருதி சேராமல் நாலைந்து பிள்ளைகள் உரக்கப் பாடும் பழைய பதிவு ஒலித்தது.

"ஐயோ, என் பசங்க!" என்றார் டீச்சர்.

அவள் ஃபோனின் ஒலியைக் கூட்டி மேஜைமேல் வைத்து, அடுத்த அறைப் பக்கம் குரல் கொடுத்தாள். "எல்லாரும் இங்க வாங்க, வந்து கேளுங்க!"