மணிக்கட்டில் ஒரு சொட்டு மெழுகு

டோரிஸுக்கு எந்த மீட்டர் மீதும் நம்பிக்கை கிடையாது. பிரிக்பீல்ட்ஸில் ஷாமினி நடத்தும் அழகு நிலையத்தில் மெழுகு உருக்கும் மின்பானை ஒன்று உண்டு. அதில் பச்சை விளக்கு எரிந்தால் சூடு பதம் என்று அர்த்தம். எரியட்டும், அணையட்டும், டோரிஸ் அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். உருகிய பாராஃபின் மெழுகைக் கரண்டியில் எடுத்துத் தன் இடது மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுக்கொள்வாள். "ம், போடலாம்" என்று அவள் வாயிலிருந்து வந்த பிறகுதான் வாடிக்கையாளரின் கை பானைக்குள் இறங்கும். மெழுகு படிந்த கையைத் துண்டில் சுற்றி வைத்து, ஆறிய பின் உரித்தெடுத்தால் தோல் பளபளவென்று இருக்கும். கல்யாணப் பெண்கள் டோரிஸ் அக்காதான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். அவளுக்கும் அதில் தலைகால் புரியாத பெருமை. இருக்காதா பின்னே, கிள்ளானிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே வந்து சேருகிறவளுக்குப் பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது?

அந்தச் சனிக்கிழமை இராஜம்மா டீச்சர் வந்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மூட்டு வலிக்கு மெழுகுச் சூடு இதமாக இருக்கிறது என்று மாதாமாதம் வருகிறவர். டோரிஸ் சொட்டு விட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்புக்கூட இல்லை. சூட்டை ஏற்றினாள். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி ஒரு சொட்டு. இன்னும் கொஞ்சம் ஏற்றினாள்.

"ம், போடலாம் டீச்சர்."

விரல் நுனி மெழுகில் பட்டதுதான் தாமதம், டீச்சர் அலறிக் கையை இழுத்துக்கொண்டார்.

"ஐயோ! கொதிக்குது லா டோரிஸ்!"

"இல்லியே டீச்சர், நான் பாத்துட்டுத்தானே சொன்னேன்..."

"நீ பாத்த லட்சணத்த என் கைய கேளு!"

ஷாமினி ஓடிவந்து டீச்சரின் கையைக் குழாயடியில் பிடித்தாள். நல்லவேளை, சிவந்ததோடு போயிற்று. டோரிஸ் முகம் தொங்கிப்போய், தன் மணிக்கட்டில் காய்ந்திருந்த மெழுகை உரித்தாள். அடியில் பெரிய நீர்க்கொப்புளம். அழுத்திப் பார்த்தாள். வலிக்கவில்லை. நகத்தால் கிள்ளினாள். யாரோ வேறொருத்தியின் கையைக் கிள்ளுவது போல இருந்தது. கொப்புளத்தைச் சுற்றி வெளிறிய படை. தேமல் என்று நினைத்து, மாதக்கணக்கில் அதன்மேல் பவுடர் பூசி மறைத்துக்கொண்டிருந்தாள் மகராசி. அந்தக் கையிலிருந்து சீப்பும் நகப்பூச்சுப் புட்டியும் நழுவி விழுந்தபோதெல்லாம் தூக்கம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டதும் அவள்தான்.

வீட்டில் கேட்ட பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. அவளுடைய அப்பாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். ரப்பர் தோட்டத்து வீட்டில் ஒருநாள் அடுப்பிலிருந்த சட்டியை வெறுங்கையால் இறக்கி வைத்தாராம், சுடவில்லையாம். அடுத்த வாரம் அவரைச் சுங்கை பூலோவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிறகு வீட்டில் யாரும் அவர் பெயரை எடுத்ததில்லை. இன்றைக்குச் சுங்கை பூலோ என்றால் ஊரார் பூச்செடி வாங்கப் போகிறார்கள். டோரிஸ் வீட்டில் மட்டும் அந்தப் பெயரைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டாள். தொட்ட கைகளெல்லாம் நினைவுக்கு வந்து மிரட்டின. எல்லாவற்றிலும் முன்னால் நின்றது ஏமியின் கை. பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் அவள் சின்ன மகள், அம்மாவின் இடது கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொள்ளாமல் தூங்கவே மாட்டாள். அன்று டோரிஸ் இருவருக்கும் நடுவே தலையணையை வைத்தாள்.

"மம்மி, என்மேல கோவமா?"

"இல்லடா செல்லம். மம்மிக்குக் காய்ச்சல் லா. ஒட்டிக்கும்."

ஒட்டிக்கும் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் டோரிஸுக்கே உறைத்தது. இந்நேரம் ஒட்டியிருந்தால்?

கிள்ளானில் அரசாங்கக் கிளினிக்கில் இருந்தவர் முகுந்தன் என்ற இளம் டாக்டர். படையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ண மூடிக்குங்க அக்கா. பஞ்சால தொடுவேன். தொட்டது தெரிஞ்சா சொல்லுங்க."

டோரிஸ் கண்ணை மூடினாள். மாதாவே, மாதாவே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டு காத்திருந்தாள். வெளியே யாரோ ஒருவரின் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். டாக்டர் இன்னும் தொடவில்லை.

"டாக்டர், எப்ப ஆரம்பிப்பீங்க?"

"முடிச்சிட்டேன் அக்கா."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. டாக்டர் மெதுவாகப் பேசினார். தொழுநோய் மாதிரிதான் தெரிகிறது, டெஸ்ட் எடுத்து உறுதி செய்யலாம், இப்போது நல்ல மாத்திரை இருக்கிறது, முழுக்கக் குணமாகும், அந்தக் காலத்தில் சுங்கை பூலோவில் அடைத்த மாதிரி யாரையும் எங்கேயும் கொண்டுபோய் அடைக்க மாட்டார்கள். சும்மா கையைப் பிடித்தால் தொற்றிக்கொள்ளாது என்றும் சொன்னார். எல்லாம் காதில் விழுந்தது, கடைசியாக அவர் சொன்ன இது மட்டும்தான் நெஞ்சில் இறங்கியது:

"வீட்டுல கூடவே இருக்கிற பிள்ளையையும் திங்கட்கிழமை ஒரு தடவ கூட்டிட்டு வாங்க, பாத்துடுவோம்."

திங்கட்கிழமை வரை எந்தத் தாய் பொறுப்பாள்? வீட்டுக்கு வந்ததும் ஏமியைக் கட்டிலில் உட்கார வைத்தாள். பிள்ளையின் கையை வலது கையால் பிடித்துக்கொண்டாள். கெட்டுப்போன இடது கை பிள்ளைமேல் படக்கூடாது, பஞ்சு மட்டும் பட்டால் போதும் என்று அந்த விரல்களின் நுனியில் பஞ்சைப் பிடித்தாள்.

"இது புது கேம். கண்ண மூடிக்க. மம்மி தொட்டா 'இங்க'ன்னு சொல்லணும்."

"இங்க!" ஏமி சிரித்தாள். "இங்க! ஐயோ, கூசுது மம்மி! இங்க!"

டோரிஸுக்கு மூச்சு வந்தது. முழங்கையைத் தொட்டாள். "இங்க!" மணிக்கட்டுக்கு வந்தாள்.

ஏமி ஒன்றும் சொல்லவில்லை.

டோரிஸ் திரும்பவும் விரலைத் தாழ்த்தினாள். பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தது.

"ஏமி... சொல்லுடா. மம்மி தொட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

ஏமி ஒரு கண்ணைத் திறந்தாள்.

"எங்க தொட்டீங்க? பஞ்சு கீழ கெடக்கு மம்மி."

டோரிஸ் குனிந்து பார்த்தாள். பஞ்சு அவள் காலடியில் கிடந்தது. பிள்ளையின் மணிக்கட்டுக்கு மேலே அவளுடைய இரண்டு விரல்களும் இன்னும் எதையோ பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தன.