ஆறு பேரும் அண்டாவும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிப் போட்ட மண் மாதிரி இருக்கும். சின்ன ரகரம் எங்கே, பெரிய றகரம் எங்கே என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. கோயில் மலர்ப் புத்தகத்துக்கு வீட்டுக்கு ஒருவர் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, எனக்கு வராது என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டேன். ஒரு பக்கம் என்றார்கள், கூடிவிட்டது. அச்சுக்கு அனுப்புகிறவர்கள் பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் எழுதப்போவது நாங்கள் கார் வாங்கிய கதை. கோயில் மலரில் கார் கதை எதற்கு என்று நினைக்க வேண்டாம். எங்களுக்கு அந்தக் காரைப் பொறுக்கிக் கொடுத்ததே கோயில் அண்டாதான்.

வெளியூரில் வளரும் பிள்ளைகளுக்காக நம் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்து காஜா ஊரைத் தாண்டி உள்ளே இருக்கும் நம் தோட்டத்தில் இப்போது ரப்பர் மரமும் இல்லை, தொழிலாளர் லயன் வீடுகளும் இல்லை. எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. நடுவில் மேட்டின் மேல் கோயில் மட்டும் நிற்கிறது. வருஷா வருஷம் திருவிழாவுக்கு ஒரு வீட்டாருக்கு முறை வரும். முறைக்காரர்தான் பித்தளை அண்டாவைக் கொண்டுவந்து பொங்கல் வைக்க வேண்டும். கோயிலில் விட்டால் பழைய இரும்புக்காரனுக்குப் போய்விடும் என்பதால், திருவிழா முடிந்த அன்றே அடுத்த முறைக்காரர் அதை வீட்டுக்கு எடுத்துப்போவார். உலை கொதித்ததும் அந்த வீட்டில் எத்தனை உயிர் உண்டோ அத்தனை பேரும் தங்கள் கையால் ஒரு பிடி அரிசி போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மூட்டை அரிசியைக் கொட்டுவார்கள்.

போன தடவை எங்கள் முறை வந்தபோது என்னிடம் இருந்தது சின்னக் கார். அண்டா பின்பெட்டியில் நுழையாது. முன் சீட்டில் ஏற்றி பெல்ட் போட்டுவிட்டேன். பின்னால் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். அக்காவுக்கு இடம் இல்லை. சிம்பாங் பூலாயில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து இரண்டாவது நடையாக அவளை ஏற்றிக்கொண்டு போனேன்.

அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். அதே தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவள். தோட்டம் கைமாறும்வரை ஒரு நாள் விடாமல் வேலைக்குப் போனவள். இப்போது இடது முழங்கால் மடங்காது. காலை நீட்டியபடிதான் உட்காருவாள், கைத்தடி வைத்துத்தான் நடப்பாள்.

இரண்டாவது நடை போகும்போது மழை பிடித்துக்கொண்டது. கோயில் மேட்டுக்கு ஏறும் செம்மண் பாதையில் லோரி டயர்கள் இரண்டு பக்கமும் பள்ளம் பறித்திருக்கும், நடுவில் மண் வரப்பு மாதிரி நிற்கும். என் காரின் வயிறு அந்த வரப்பில் உட்கார்ந்துவிட்டது. போன் லைனும் கிடையாது. நான் மேட்டுக்கு ஓடிப்போய் ஆள் கூட்டி வருவதற்குள் நல்ல நேரம் முடியப்போகிறது என்று பூசாரி அரிசியைப் போடச் சொல்லிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. ஊரே காத்திருந்தது.

திரும்பி வந்து கதவைத் திறந்தேன். அக்கா காலை நீட்டியபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். வலது கை மூடியிருந்தது. வீட்டிலிருந்தே அரிசியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை விரித்தாள். அரிசி வேர்வையில் உள்ளங்கையோடு ஒட்டிக் கிடந்தது. ஒவ்வொரு மணியாக எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்றைக்கு என் மச்சான், மனைவியின் அண்ணன், தன் உயரமான பிக்கப்பைக் கொண்டுவந்தார். அவ்வளவு உயரத்துக்கு அக்காவால் ஏற முடியாது. தன்னைத் தூக்கவும் யாரையும் விடமாட்டாள். காரைத் தள்ளி எடுத்து வீட்டுக்குத்தான் போனோம். மச்சான் நல்ல மனிதர்தான், வாய்தான் சும்மா இருக்காது. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்தில் என்னைப் பார்த்தாலும் ஒரே கேள்வி.

"என்னா மாப்ள, குடும்பம் முழுசா வந்திருச்சா, இல்ல இன்னொரு நடை பாக்கி இருக்கா?"

கேட்டவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இதற்கிடையில் எங்கள் வீட்டில் ஆள் கூடியது. மகள் பெரிய பரீட்சைக்குப் படிக்கிற வயது, மகன் ஆரம்பப் பள்ளியை முடிக்கப்போகிறான், இந்த நேரத்தில் மனைவி மறுபடி முழுகாமல் ஆனாள். நான் வெட்கத்தில் சலவைக்கல் தொழிற்சாலையில் ஒருவரிடமும் சொல்லவில்லை. பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி என்னைப் பார்த்து, தாத்தாவா, உள்ளே வந்து பேத்தியைப் பாருங்கள் என்று மலாயில் கூப்பிட்டாள். அப்பா என்று சொல்ல வாய் வராமல் உள்ளே போய்ப் பார்த்தேன். பெண் குழந்தை. மொட்டைத் தலையோடு என்னையே பார்த்தது.

இப்போது நாங்கள் ஆறு பேர். திருவிழா முறையும் மறுபடி எங்களுக்கு வந்துவிட்டது. அண்டா சமையலறை மூலையில் சேலை போர்த்தி உட்கார்ந்திருந்தது. இந்த முறை எல்லாரும் ஒரே நடையில் போய் நிற்க வேண்டும், அக்காவின் பிடி அரிசி அண்டாவில் விழ வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

மச்சான் தன்னுடையதைப் போல பிக்கப் வாங்கச் சொன்னார். அக்கா ஏறமாட்டாளே என்றேன். அப்படியென்றால் எஸ்யூவி பார், பெரிதும் வேண்டாம் சின்னதும் வேண்டாம், நடுவாந்தரமாகப் பார் என்றார்.

ஈப்போவில் ஒரு ஷோரூமைத் தாண்டித்தான் தினமும் வேலை முடிந்து வருவேன். கண்ணாடிக்குள்ளே விளக்கு வெளிச்சத்தில் கார்கள் நிற்கும். பல நாள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டு அப்படியே போய்விடுவேன். ஒருநாள் துணிந்து உள்ளே போனேன். சட்டை மடிப்புக் கலையாத ஓர் ஆள் சிரித்துக்கொண்டே என்னை நோக்கி வந்தார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. டண்டாஸ் எங்கே என்று கேட்டுவிட்டேன். அவர் மரியாதையாகக் கழிவறைக்கு வழி காட்டினார். போய்க் கையைக் கழுவிவிட்டு வெளியே வந்து காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மகளிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரித்து முடித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை தானே கூட வந்தாள். அன்றைக்குப் பார்த்த கார் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஏழு பேர் உட்காரலாம். பின்பக்கம் சரிவாக இறங்கி, ஓடுவதற்கு முன்னால் பதுங்கி நிற்கிற மாதிரி இருக்கும். படத்தை வாங்கிவந்து மனைவியிடம் காட்டினேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பார்த்தாள். அழகாகத்தான் இருக்கிறது என்றாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அண்டா எங்க உக்காரும்?"

அதை நான் யோசிக்கவே இல்லை. படத்தில் பின்பக்கம் மைதானம் மாதிரி இடம் தெரிந்தது. ஆனால் அது கடைசி வரிசை சீட்டை மடக்கி எடுத்த படம். சீட்டை நிமிர்த்தினால் மார்க்கெட் பை வைக்கத்தான் இடம் இருக்கும். மடக்கினால் அண்டா உட்காரும், மகனுக்கு இடம் இல்லை. முன்னால் நானும் அக்காவும், நடுவில் பிள்ளைக்கான தனி இருக்கையும் மனைவியும் மகளும். மகன் கடைசி வரிசைக்குத்தான் போக வேண்டும்.

"நான் அண்டாக்குள்ள உக்காந்துக்கிறேன்பா" என்றான் மகன்.

"உக்காரு, தண்ணி ஊத்தி அடுப்ப பத்த வச்சிடலாம்" என்றாள் மகள்.

அண்டாவைக் கூரையில் கட்டலாமே என்று மச்சான் சொன்னார். சாமி பாத்திரத்தை ரோட்டுப் புகையில் ஊர்கோலம் விட வேண்டாம் என்று அக்கா மறுத்துவிட்டாள். கவிழ்த்து வைக்கவும் கூடாது. அது நம் எல்லார் வீட்டிலும் இருக்கிற வழக்கம்தான்.

ஆகவே அண்டாவையே கொண்டுபோய் வைத்துப் பார்ப்பது என்று முடிவானது. சொன்னது மனைவி. தூக்கிப்போக வேண்டியவன் நான். அதை நினைத்தே இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

முதலில் அந்த அழகான காரிடம் போனோம். அதில் கடைசி வரிசை பாதி பாதியாக மடங்கும் என்று மகள் விசாரித்து வைத்திருந்தாள். ஒரு பாதியை மடக்கி அண்டாவை வைத்தோம். நன்றாகவே உட்கார்ந்தது. கதவை இறக்கினால் சரிவுக் கண்ணாடி அண்டாவின் வாயில் வந்து நின்றது. சட்டை மடிப்புக் கலையாத ஆள் தன் கையாலேயே மூன்று பக்கமும் திருப்பி வைத்துப் பார்த்தார். மூடவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். அழகு இருந்து என்ன செய்ய?

அடுத்த வாரம் வேறொரு ஷோரூம். அந்தக் காரின் பெயரை எழுதவில்லை, விளம்பரம் மாதிரி ஆகிவிடும். பின்பக்கம் ரொட்டித் துண்டு மாதிரி நேராக இருக்கும், முகம் சாதாரணம். இந்த முறை குடும்பமே வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். முதலில் அண்டாவையும் பெரிய பிள்ளைகளையும் கொண்டுபோய் இறக்கினேன். பிறகு திரும்பிப் போய் மனைவியையும் கைக்குழந்தையையும் அக்காவையும் ஏற்றி வந்தேன். நான் இரண்டு நடை அடித்த கடைசி நாள் அதுதான்.

சேலை சுற்றிய அண்டாவை நானும் மகளும் ஆளுக்கொரு வளையம் பிடித்துக் கண்ணாடிக் கதவுக்குள் தூக்கிப்போனோம். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். என் காது சுட்டது. தரையைக் கூட்டிக்கொண்டிருந்த தமிழ் அக்கா ஒருவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் கிட்டே வந்தார்.

"முறை அண்டாவா அண்ணே? எந்தத் தோட்டம்?"

சொன்னேன். அவர் சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவராம். அங்கேயும் இதே மாதிரி உண்டு என்று சொல்லி, மகளிடமிருந்த வளையத்தைத் தான் வாங்கிப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்குக் கூச்சம் பாதியாகிவிட்டது.

விற்பனைக்கு நின்ற சீனப் பெண்ணுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. எத்தனை பேருக்குச் சமைப்பீர்கள் அங்கிள் என்று மலாயில் கேட்டாள். வருகிறவர்கள் எல்லாருக்கும் என்றேன். அவள் கடைசி வரிசையில் ஒரு பாதியை மடக்கி, தரைவிரிப்பைச் சரிசெய்து கொடுத்தாள். அண்டாவை வைத்தோம். பக்கத்து சீட்டில் மகன் ஏறி உட்கார்ந்து அண்டாவின் கழுத்தில் கை போட்டுக்கொண்டான். நடுவில் பிள்ளைக்கான இருக்கையை மாட்டி, பிள்ளையை வைத்து, மனைவியும் மகளும் உட்கார்ந்தார்கள். நான் கீழே குந்தி காரின் வயிற்றுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். ஒரு சாண் தாராளமாகப் போனது. பழைய காரில் விரலை மடக்கினால்தான் கை நுழையும்.

கடைசியாக அக்கா. முன் சீட்டைப் பின்னால் தள்ளி வைத்தேன். அவள் ஏற வேண்டியிருக்கவில்லை. இடுப்பு உயரத்துக்கு இருந்த சீட்டில் திரும்பி நின்று உட்கார்ந்தாள், இரண்டு காலையும் உள்ளே எடுத்து வைத்தாள், இடது காலை நீட்டினாள். கால் முழுதாக நீண்டது. கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள்.

"கதவ சாத்து தம்பி."

சாத்தினேன். பிறகு பின்னால் போய்ப் பெரிய கதவைப் பிடித்து மெதுவாக இறக்கினேன். நடுவில் எதுவும் தடுக்கவில்லை. டொப் என்று மூடியது. தரை கூட்டிக்கொண்டிருந்த அந்தத் தமிழ் அக்கா கை தட்டினார். சீனப் பெண்ணும் தட்டினாள். நான் அந்தப் பெண்ணைப் பார்த்து, இந்தக் கார்தான் என்றேன். டண்டாஸ் கேட்டதைத் தவிர, ஷோரூமில் நானாக வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

திருவிழா அன்று விடியற்காலையே மழை. வீட்டு வாசலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஆறு பேரும் அண்டாவும் கிளம்பினோம். பத்து காஜா வரைக்கும் பிள்ளை தூங்கியது. செம்மண் பாதை வந்தது. அதே மேடு, அதே பள்ளம், நடுவில் அதே வரப்பு. அக்கா வலது கையை மூடி மடியில் வைத்திருந்தாள். நான் கியரை இறக்கி, நிறுத்தாமல் ஒரே சீராக ஏற்றினேன். சேறு பக்கத்தில் அடித்தது. வயிற்றில் ஓர் இடத்திலும் தட்டவில்லை. அண்டா மட்டும் லேசாகக் கிணுகிணுத்தது.

மேட்டில் மச்சான் குடையோடு நின்றார். கூட்டமும் நின்றது. நான் இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டார்.

"வா மாப்ள. மிச்ச பேரு எப்ப வாராங்க?"

"மிச்சம் யாரும் இல்ல மச்சான். எல்லாரும் வந்தாச்சு" என்றேன்.

ஒவ்வொரு கதவாகத் திறந்தேன். மகள் இறங்கினாள், மனைவி பிள்ளையோடு இறங்கினாள். பின்கதவைத் தூக்கியதும் அண்டாவும் அதைக் கட்டிக்கொண்டிருந்த மகனும் தெரிந்தார்கள். மச்சான் குடையை மடக்கி யாரிடமோ கொடுத்துவிட்டு முன்பக்கம் போனார். அக்கா இறங்கி நிற்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று முழுவதும் பேச்சுக்கு எவ்வளவோ இடம் கிடைத்தும் அவர் அந்தக் கேள்வியை மறுபடி எடுக்கவில்லை. காரை மட்டும் இரண்டு தடவை சுற்றிப் பார்த்தார்.

உலை கொதித்தது. முறைக்காரர் வீட்டார் வாருங்கள் என்று பூசாரி கூப்பிட்டார். பிள்ளையின் விரலை மனைவி பிரித்து நாலு மணி அரிசி வைத்து மூடி, அண்டாவுக்கு மேலே பிடித்தாள். அது கையைத் திறக்க மாட்டேன் என்றது. கூட்டம் சிரித்தது, பிறகு தானாகத் திறந்தது. மகன் போட்டான், மகள் போட்டாள், மனைவி போட்டாள், நான் போட்டேன். கடைசியில் போடுகிறேன் என்று அக்காதான் சொல்லியிருந்தாள்.

கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, அண்டாவின் ஓரத்துக்கு வந்து நின்று கையை நீட்டி விரித்தாள். அரிசி ஆவிக்குள் விழுந்தது. அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு மணி கூட ஒட்டியிருக்கவில்லை.

எழுதி முடித்தது: சித்திரை மாதம், திருவிழா கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை.