கரண்டு போகாத சனிக்கிழமை

கரண்டு போனால் ஊரே திட்டும். ஞானபூரணம் அக்கா மட்டும் கை தட்டுவாள். விசைத்தறி செட்டில் அவளுக்கு அடுத்த தறி என்னுடையது. அதனால் எல்லாம் எனக்குத் தெரியும். பராமரிப்புக்கென்று மாதத்தில் ஒரு நாள் காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்டை நிறுத்துவார்களே, அந்த ஷட்டவுன் நாள்தான் அவளுக்குத் தீபாவளி, ஆடித்தபசு எல்லாம்.

காரணம் இருக்கிறது. அவளுக்குப் பகல் ஷிப்டு. அவள் புருஷன் நல்லகண்ணுவுக்கு வேறொரு செட்டில் ராத்திரி ஷிப்டு. இவள் வீட்டுக்குள் நுழையும்போது அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை துவைக்கவும் தூங்கவுமே காணாது. பெண்பிள்ளைகள் இரண்டும் அப்பாவையும் அம்மாவையும் சேர்த்துப் பகலில் பார்க்க வேண்டுமென்றால் கரண்டு போக வேண்டும்.

போனதும் வீட்டில் ஒரு நிமிஷம் இருக்கமாட்டார்கள். கட்டுச்சோறும் தண்ணீர்க் குடமுமாகக் கிளம்பிவிடுவார்கள். எங்கள் ஊர் வெயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உச்சிவெயிலில் பூங்காவுக்குப் போய், சறுக்கில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிச் சூட்டை ஆற்றிவிட்டுப் பிள்ளைகளைச் சறுக்கவிட்ட குடும்பம் இது ஒன்றுதான். கழுகுமலைக்குப் போய்ப் பாறைச் சூட்டில் நாலு பேரும் குதித்துக் குதித்து இறங்கியதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் சிரித்தார்கள். பள்ளிக்கூட நாளாக இருந்தால் சின்னவள் கோமதிக்கு வயிறு வலிக்கும். அந்த வலிக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள் அம்மாதான்.

போன ஆனி மாதத்து ஷட்டவுன் சனிக்கிழமையில் வந்தது. அந்த முறை குற்றாலம் என்று முடிவானது. அடுத்த வாரம் மூத்தவள் பிரேமலதா நர்சிங் படிக்க மதுரைக்குப் போகிறாள். ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டால் அப்புறம் எங்கே நாலு பேரும் ஒன்றாகப் போவது? பூரணம் அக்கா ஒரு வாரமாகத் தறியில் நின்றபடியே திட்டம் போட்டாள். என்னையும் வரச் சொன்னாள். கூப்பிடாவிட்டாலும் நான் போயிருப்பேன்.

அன்று காலை செட்டுக்கே புளியோதரைத் தூக்கோடு வந்தாள். கரண்டு போகும்வரை ஓட்டிவிட்டு அப்படியே பஸ் ஏறலாம் என்று ஏற்பாடு. ராத்திரி ஷிப்டு முடிந்த கண்ணோடு நல்லகண்ணு வாசலில் நின்றார். பக்கத்தில் பிள்ளைகள், புதுச் சீப்பு, புதுத் துண்டு. நாங்கள் தறியைப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் எரிந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். போக வேண்டிய நேரம் வந்தது. விளக்கு ஜம்மென்று எரிந்தது.

முதலாளி பேச்சிராஜ் அண்ணாச்சி போனும் கையுமாக உள்ளே வந்தார்.

"ஷட்டவுன தள்ளி வச்சுட்டாவளாம். ஏதோ பரீட்சை நடக்காம். தறி ஓடட்டும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பயம். அவளே வாசலுக்குப் போய்ச் சொன்னாள்.

"அதுக்கென்ன, அடுத்த மாசம் போவோம்" என்றார் நல்லகண்ணு.

"அடுத்த மாசம் மூத்தவ எங்க இருப்பா?"

"பரவால்லம்மா" என்றாள் பிரேமலதா. அந்தப் பிள்ளை எதற்கும் பரவாயில்லை என்றுதான் சொல்லும். சொல்லிவிட்டுத் தங்கச்சி கையிலிருந்த துண்டை வாங்கிப் பைக்குள் மடித்து வைத்தாள்.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே வந்து தன் தறியின் சுவிட்சை அணைத்தாள். அத்தனை தறி ஓடும் செட்டில் ஒன்று நின்றால் முதலாளி காதுக்குத் தெரிந்துவிடும்.

"ஏ பூரணம், கரண்டுதான் இருக்கே, தறி ஏன் நிக்கி?"

"கரண்டு இருக்கு அண்ணாச்சி. நான் இல்ல. எனக்கு இன்னைக்கு லீவு."

அண்ணாச்சி அவளையும் புளியோதரைத் தூக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லீவு வேணும்னா கேக்க வேண்டியதான? நான் என்ன கட்டியா போட்டிருக்கேன்?"

உண்மைதான். ஓடின தறிக்குத்தான் கூலி, ஓடாவிட்டால் கிடையாது. அவ்வளவுதான் கணக்கு. இத்தனை வருஷத்தில் எங்களுக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை. கரண்டு போனால்தான் லீவு என்று இருந்துவிட்டோம்.

"எனக்கும் லீவு அண்ணாச்சி" என்று அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று நானும் சொன்னேன். தைரியசாலிதான் நானும்.

பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம் பாருங்கள், அப்படி ஓடியதே இல்லை! புளியங்குடிவரை அனல் காற்று முகத்தில் அடித்தது. கடையநல்லூர் தாண்டியதும் காற்றே மாறியது. மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. "சாரலு! சாரலு!" என்று கோமதி கத்த, தூங்கிக்கொண்டிருந்த நல்லகண்ணு ஊர் வந்துவிட்டதென்று எழுந்து நின்றுவிட்டார்.

அருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அந்தச் சத்தத்தில் மற்றவர்கள் காதுக்குள் கத்திப் பேசினார்கள். நாங்கள் தறிச் சத்தத்தில் வாயசைவிலேயே பேசிப் பழகினவர்கள். பெண்கள் பக்கமிருந்து அக்கா வாயை மட்டும் அசைத்து, "தலைய நல்லாத் தொவட்டுங்க" என்றாள். ஆண்கள் பக்கமிருந்து அவரும் சத்தமே இல்லாமல், "சரிட்டி" என்றார். தள்ளி நின்ற ஒரு அம்மாள் வாயைப் பிளந்து பார்த்தாள்.

அப்புறம் அங்கேயே இருந்த பூங்கா. சறுக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டிய அவசியமில்லை. அது தானாகவே நனைந்து சில்லென்று கிடந்தது. அக்காவும் சறுக்கினாள். காவலாளி விசில் ஊதினார். ஊதட்டும், இன்னொரு தடவை சறுக்கினாள். நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

மரத்தடியில் சாரலுக்குத் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு புளியோதரை சாப்பிட்டோம். நல்லகண்ணு பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "அடுத்த ஷட்டவுன் எப்பன்னு கேட்டு வையி. மதுரைக்குப் போயி பிள்ளையப் பாத்துட்டு வருவோம்."

"ஷட்டவுனு எதுக்கு?" என்றாள் அக்கா. "எப்ப வரணும்னு அவ சொல்லட்டும். நான் அண்ணாச்சிட்ட சொல்லிட்டு வாரேன். நீங்களும் உங்க மொதலாளிட்ட சொல்லுங்க."

பிரேமலதா சாப்பிடுவதை நிறுத்தினாள். வழக்கம்போலப் பரவால்லம்மா என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"மொத வாரமே வாங்கம்மா" என்றாள். "ரெண்டு பேரும் வாங்க."