அத்தை தேய்த்த பானை

எங்கள் அத்தைக்கும் அழுக்குக்கும் ஜென்மப் பகை. கல்யாணமான புதிதில் மாமாவின் முதுகு மச்சத்தையே தேய்த்துப் பார்த்தவள் என்று வீட்டில் பேச்சு உண்டு. மாமா இன்றுவரை மறுக்கவில்லை.

அவளைப் போய், கடலோரத்துப் பழைய கரும்புத் தோட்டத்தைத் தோண்டி ஆராய்கிற தொல்லியல்காரர்கள், மண்ணில் கிடைத்த சாமான்களைக் கழுவ வைத்தார்கள். கூடார நிழல், நாற்காலி, வாளி, பல் துலக்கும் பிரஷ். காலமெல்லாம் விடுதிச் சமையல்கட்டில் நின்றே பாத்திரம் தேய்த்தவளுக்கு, உட்கார்ந்து செய்கிற முதல் வேலை. அந்த நாற்காலியை விடுவதாக இல்லை அவள்.

அவர்களை நடத்திய பேராசிரியருக்குத் தொண்டையில் பூனைக்குட்டி மாட்டிய குரல். "மண்ணை மட்டும் எடுங்கம்மா. உள்ளே கருப்பா ஒட்டியிருந்தா தொடாதீங்க. தோட்டத்துல வேலை செஞ்சவங்க என்ன சாப்பிட்டாங்கன்னு அதை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்."

"சரிங்க சார்."

பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினாள். அப்புறம், தொழிலாளர் குடியிருப்பைத் தோண்டிய இடத்திலிருந்து ஒரு பாதிப் பானை வந்தது. உள்ளே தீய்ந்த கரி அப்பிக் கிடந்தது. பேராசிரியர் சாப்பிடப் போய்த் திரும்பினால், தட்டில் பானை பளபளக்கிறது.

"கருப்பு எங்கம்மா?"

"போயிருச்சு சார்."

"எங்க போச்சு?"

அத்தை வாளியைப் பார்த்தாள். அதையும் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா!"

"சொன்னீங்க சார். அந்தக் காலத்துல எவளோ வேலைக்கு ஓடுற அவசரத்துல தேய்க்காமப் போட்டுட்டுப் போயிருக்கா. கண்ணாடிப் பெட்டியில வச்சு ஊருக்கே காட்டுவீங்களாமே, அவ மானம் என்னாகுறது?"

பேராசிரியர் அப்படியே அத்தையின் நாற்காலியில் சரிந்தார். மறுநாள் அவளைக் குழிக்குள் இறக்கிவிட்டார்கள். முட்டி போட்டு மண் சுரண்டும் வேலை.

"கால் விட்டுப் போச்சுடா" என்று என்னிடம் தினமும் புலம்பினாள்.

ஒருநாள் அவள் சுரண்டிய இடத்திலேயே அந்தப் பானையின் மிச்சப் பாதி தலைகாட்டியது. அதே அடிப்பிடித்த கரி. அத்தை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அலறினாள்.

"சார்! ஓடியாங்க சார்! என் கையை நம்பாதீங்க!"

பேராசிரியர் செருப்பைக்கூட மறந்து ஓடி வந்தார். பானை பத்திரமாகப் பைக்குள் போனதும் அவருக்குக் குரலே மாறிவிட்டது.

"நாளைலேர்ந்து கூடாரத்துக்கே வந்துடுங்கம்மா."

அத்தை முட்டியைத் தடவியபடி யோசித்தாள்.

"நாற்காலிக்கு வர்றேன் சார். வாளியை மட்டும் வேற யாருக்காவது குடுத்துடுங்க."